எக்ஸ்னு வெச்சுக்கோ

— சிலிண்டரு முள்ளு எங்க நிக்குது, அதை மொதல்ல சொல்லுக்கா.

— தொண்ணூறுல.

— மாட்டறப்ப?

— நூத்தி இருவது. காலைல பத்து மணிக்குக் கரண்ட் போச்சு. அப்பாவோட ஆக்ஸிஜன் மிஷினு கீச்சுன்னு ஒரு கத்து கத்திட்டு நின்னுடுச்சு. உடனே சிலிண்டரை மாட்டிட்டேன். இப்ப மணி பன்னண்டு. எரிக்கு, எனக்கு பயமா இருக்குதுடா. குடையைப் புடிச்சுகினு எவ்ளோ நேரம்தான் நிப்பேன்.

— குடை எதுக்கு? வெளியவா நிக்கிற?

— உள்ள எங்கடா சிக்னலு? ஜன்னலுக்கு வெளிய, பைப்பாண்ட நின்னுகினு பேசறேன். தகரத்துத் தண்ணி மொத்தமும் என் தலை மேலதான். இங்கருந்து பாத்தா முள்ளு மட்டும் நல்லா தெரியுது. ஸ்கெலட்டன் லைன் வீடுங்க பூரா இருட்டு. பட்டப்பகல்ல லைட்டு வேணும் போல இருக்குது. காத்துல மரம் விழுந்து கம்பி அறுந்துடுச்சாம், எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியல.

— ஆம்புலன்ஸு?

— கிளம்பி வந்துச்சு. ஆண்டர்சன்பேட்டை தாண்டினதும் நின்னுடுச்சு. ரோட்டுக்குக் குறுக்க பெரிய புளியமரம் சாஞ்சு கிடக்குதாம். நம்ம சர்ச்சு சிரில் அண்ணன் நாலு ஆளைக் கூட்டிகினு கோடாலியோட போயிருக்காரு.

— அது வரைக்கும் ஏன் காத்துகினு இருக்கணும்? அப்பாவை நாற்காலில வெச்சு தூக்கிகினு போனா இன்னா?

— போன மாசம் அப்டித்தானே தூக்கினோம், மறந்துட்டியா? வாசப்படி தாண்டறதுக்குள்ள கண்ணு மேல செருகிடுச்சு. ஆஸ்பத்திரி மமதா சிஸ்டரும் கண்டிப்பா சொல்லிட்டாங்க, படுத்த இடத்தை விட்டு அசைக்கவே கூடாதுன்னு. நெஞ்சு பூரா கல்லுத் தூசிடா அவருக்கு. நீ கொண்டு வர சிலிண்டருதான் இப்ப நமக்கு சாமி. எங்க இருக்கிற?

— பங்காருபேட்டை ரோட்டுல செம ஜாம். பூதிகோட்டை வழியா திருப்பிட்டேன். சிலிண்டரைப் பின் சீட்டுல பெல்ட்டு போட்டு கட்டி வெச்சிருக்கேன், புதுப் பொண்ணாட்டம். டென்ஷன் ஆவாதேக்கா. மூணு மணிக்கு உன் முன்னால நிப்பேன், பக்கா.

— மூணு மணி வரைக்கும் இது தாங்குமா?

— என்னைக் கேக்கறியா? நீதான் கணக்கு டீச்சரு.

— டீச்சரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஏழாங் கிளாஸ் பசங்களுக்கு டியூசன் எடுக்கறவ. இரு, யோசிக்கறேன். பத்து மணிக்கு இருந்த காத்து மொத்தமும் தீர எத்தினி மணி நேரம் ஆவும்? தெரியாது. தெரியாததை எக்ஸ்னு வெச்சுக்கோ.

— ஆரம்பிச்சுட்டா. எனக்கும் அந்த எக்ஸுக்கும் ஆவவே ஆவாது. ஒரு தடவை விடை பூஜ்யம்னு எழுதினேன், மாஸ்டர் என்னை பெஞ்சு மேல ஏத்திட்டாரு.

— பூஜ்யம் வந்தா இன்னா? எங்கிட்ட வர ஸ்வீட்டியும் அப்டித்தான், பூஜ்யம் வந்தா அழுதுடுவா. பூஜ்யமும் ஒரு விடைதான்டி, அது இன்னா சொல்ல வருதுன்னு கேளுன்னு சொல்லுவேன். சரி, நீ இப்ப இதைக் கேளு. நூத்தி இருவதுல முப்பது போயிடுச்சு. அது எத்தினி பர்சென்ட்டு?

— ஐயோ அக்கா.

— நாலுல ஒரு பங்குடா. இருபத்தஞ்சு பர்சென்ட்டு. அந்த இருபத்தஞ்சு பர்சென்ட்டு தீர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்ப, எக்ஸ்ல இருபத்தஞ்சு பர்சென்ட்டு சமம் ரெண்டு. எக்ஸ் எவ்ளோ?

— எட்டா?

— எட்டு. பத்துல இருந்து எட்டு மணி நேரம். சாயங்காலம் ஆறு வரைக்கும் தாங்கும். இன்னும் ஆறு மணி நேரம் கையில இருக்குது.

— ஆறு மணி நேரமா! அப்பறம் எதுக்கு இந்த அழுவாச்சி? நான் மூணுக்கே வந்துடுவேன். மூக்கைத் தொடைச்சுக்கோ.

— அழுவல. மழைத் தண்ணி.

— சரி சரி, மழைத் தண்ணி. அது இன்னாக்கா, பின்னால குளுகுளுன்னு ஒரு சத்தம்?

— சிலிண்டர்ல மாட்டின தண்ணி பாட்டிலு. காத்து அது வழியாத்தான் அப்பா மூக்குக்குப் போவுது. போறப்ப முட்டை முட்டையா விடும். வந்த புதுசுல இந்த சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல. இப்ப இது கேட்டாதான் தூங்கறேன்.

— யாரும்மா... சின்னவனா?

— ஆமாம்பா, எரிக்குதான். நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க. அப்பா! கையை எடுங்க அதுல இருந்து!

— சும்மா... தொட்டுப் பாத்தேன்.

— இன்னாக்கா பண்றாரு?

— சிலிண்டரு தலைமாட்டுலயே நிக்குது இல்ல, கை எட்டுது. காத்தைக் கூட்டிக் குறைக்கற வால்வைக் கண்டா அவரால சும்மா இருக்க முடியல. ஆயுசு பூரா சுரங்கத்துல டிரில் மிஷின் புடிச்ச கை, சொன்னா கேக்குமா? இரு, ஸ்பீக்கர் போடறேன், நீயே திட்டு.

— அப்பா! கொர்னேலியஸ் சார்! இன்னா, ரொம்ப லூட்டி பண்றீங்களாமே?

— சின்னவனே... உங்க அக்கா காத்தை வீணாக்கறாடா. நான் தூங்கறப்பவும்... ஓடிகினே கீது. நாங்க கீழ அப்டி விட மாட்டோம். ஏர் லைன்ல பிரஷரு எறங்கிடுச்சுன்னா... நானும் கூட்டாளி ஏனோக்கும் வால்வை மூடிட்டு... கம்முனு குந்திக்குவோம். ஆடறது இல்ல... அசையறது இல்ல. அப்பால தொறந்தா... டிரில்லு கல்லைத் துன்னுகினு போவும்.

— அது மிஷினுக்குப் போற காத்துப்பா. இது உங்களுக்குப் போறது. ரெண்டும் ஒண்ணா?

— காத்து... காத்துதாம்மா.

— பாத்தியா எரிக்கு? நெஞ்சுல மூச்சு இல்ல, வாய் மட்டும் ஒரு பர்சென்ட்டு குறையல.

— விடுக்கா. பேசறாரே, அதுவே போதும். அப்பா, மூணு மணிக்கு வந்துடறேன். வந்து நானும் உங்க பக்கத்துல குந்திக்கறேன், சரியா?

— வா... பாத்து வா. அவசரம் இன்னா... மெதுவா...

— அப்பா? அப்பா, நிமிருங்க. எரிக்கு, இருமல் வந்துடுச்சு, நான் உள்ள போறேன், வெச்சுடு!

— அக்கா? ஹலோ? அக்கா!

— ஹலோ, எரிக்கு? கேக்குதா?

— எத்தினி தடவை போட்டேன்! இன்னாச்சு? எனக்கு இங்க உயிரே இல்ல!

— இருமல் நிக்கவே இல்லடா. உதடு நீலமா போயிடுச்சு. நகமும் நீலம். என் கையைப் புடிச்சாரு பாரு, எலும்பு நொறுங்கற மாதிரி. வெளிய ஓடி வந்து மமதா சிஸ்டருக்குப் போன் போட்டேன். காத்தை ரெண்டுல வெச்சிருந்தேன் இல்ல, அதை மூணுல வெக்க சொன்னாங்க. எக்காரணம் கொண்டும் மறுபடி குறைக்காதேன்னாங்க. வெச்சுட்டேன். இப்ப உதடு தெளிஞ்சுகினு வருது.

— ரெண்டுல இருந்து மூணுன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— காத்து அம்பது பர்சென்ட்டு அதிகமாப் போவுது.

— அம்பதா! அப்ப நேரம் பாதியாயிடுச்சே! ஆறு மணி நேரம்னு சொன்னே, மூணு மணி நேரம்தானா? மூணு மணிக்கே தீர்ந்துடுமா?

— இல்லடா. எல்லாப் பசங்களும் விழற குழி அது. வேகம் அம்பது பர்சென்ட்டு ஏறினா நேரம் அம்பது பர்சென்ட்டு குறையாது. எவ்ளோ நேரம்னு தெரியாது, எக்ஸ்னு வெச்சுக்கோ. இருக்கற காத்து ஒண்ணுதான். பழைய வேகத்துல ஆறு மணி நேரம் ஓடும். இப்ப வேகம் ஒண்ணரை மடங்கு. ஒண்ணரை எக்ஸ் சமம் ஆறு. ஆறை ஒண்ணரையால வகுத்தா?

— நாலு.

— நாலு மணி நேரம். இப்பத்தான் வால்வை மூணுக்குத் திருப்பினேன், மணி பன்னண்டு அடிச்சு கொஞ்ச நேரம்தான் ஆவுது, முள்ளு தொண்ணூறுலதான் நிக்குது. நாலு மணிக்குத் தீரும். நீ மூணுக்கு வந்துடுவ. ஒரு மணி நேரம் மிச்சம் இருக்குது, பரவால்ல. இன்னாடா? அங்க இன்னா சத்தம்?

— அக்கா...

— பேசுடா.

— இங்க ஏரி கோடி போயிடுச்சுக்கா. ரோட்டு மேல தண்ணி ஓடுது, ஆத்தாட்டம். என் முன்னால ஒரு கார் எறங்கிச்சு, பாதிலயே நின்னு போச்சு, கதவு வழியா ஏறி வெளிய குதிக்கறாங்க. சிலிண்டரோட நான் எறங்கி அடிச்சுகினு போயிட்டா?

— எறங்காதே! சத்தியமா எறங்காதே! உனக்கும் ஒண்ணுன்னா நான் இன்னாடா பண்ணுவேன்?

— உமேஷ்னு ஒருத்தர், இங்க தோட்டக்காரரு. டிராக்டர் வெச்சிருக்காரு, ஒவ்வொரு வண்டியா கயிறு கட்டி இழுக்கறாரு. எனக்கு முன்னால லைன் நிக்குது. காலைப் புடிக்காத குறையா கேட்டுட்டேன், அப்பாவுக்கு ஆக்ஸிஜன், ப்ளீஸ் சார்னு. ஒரு வேன் நிறைய புள்ளைங்க மாட்டிகினு இருக்குது, அதை இழுத்துட்டு அப்பால உன்னைத்தான்னு சொல்லிட்டாரு. அந்தப் பக்கம் ஏறி, சுத்துல வந்து... அஞ்சு மணி ஆயிடும்.

— அஞ்சா?

— அஞ்சு. அதுக்கு முன்னால முடியாதுக்கா.

— நாலு மணிக்குத் தீருதுடா.

— தெரியுது.

— ஒரு மணி நேரம் குறையுது. ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கடா போவேன்? எந்தக் கடையில விக்குது அது? மூக்குல குழாயை வெச்சுகினு, காத்து இல்லாம அவரு என்னைப் பாக்கறதை நான் பாத்துகினு நிக்கணுமா?

— மறுபடி ரெண்டுல வெச்சுட்டா?

— இப்பத்தானே சொன்னேன், உதடு நீலமாச்சுன்னு!

— கொஞ்ச நேரத்துக்குக்கா. நேரத்தை இழுக்கணும் இல்ல?

— நீ வந்து வை. நீ வந்து அந்த உதட்டைப் பாத்துகினே வை. என்னால முடியாது.

— கத்தாதே! எத்தினி தடவை கூப்ட்டேன் ரெண்டு பேரையும்? என் அபார்ட்மென்ட்ல கரண்ட் போனா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஜெனரேட்டர் வரும். இந்த சுரங்கத்து லைன் வீட்டைக் கட்டிப் புடிச்சுகினு கிடந்தீங்க!

— கட்டிப் புடிச்சது நானாடா? அவரைக் கேளு! சுரங்கம் மூடி எத்தினி வருசம் ஆச்சு, இன்னும் ஷிப்ட்டுக்குப் போறவராட்டம் விடிகாலைல முழிக்கறாரு. இந்த நாலு சுவத்தை விட்டு அவரை எப்டிடா கிளப்புவேன்? நான் இன்னா ஆசைப்பட்டா இங்க உக்காந்துகினு இருக்கேன்?

— சண்டை போடாதீங்கம்மா... இன்னா அது... ஒரு மணி நேரம்?

— ஒண்ணுமில்லப்பா. சின்னவன் ஒரு மணி நேரம் லேட்டா வரான், அவ்ளோதான். நீங்க கண்ணை மூடிக்குங்க.

— லேட்டா... வரட்டும். வந்தா... சரி.

— கேட்டுட்டாரா?

— ஜன்னல் தொறந்துதானே இருக்குது. மெதுவா பேசுடா இனிமே.

— சாரிக்கா. நான் பேசினது தப்பு.

— விடு. எனக்குக் கோவம் வந்தாதான் பயம் கொஞ்சம் குறையுது. டிராக்டர் வந்தா சொல்லு. என் போன்லயும் சார்ஜ் கம்மி, அடிக்கடி போடாதே. நானே போடறேன்.

— அக்கா, நான் இன்னும் இந்தப் பக்கம்தான். வேனை இழுத்துட்டாங்க, அடுத்தது நான்தான். முள்ளு எங்க இருக்குது?

— மணி ரெண்டு இப்ப. நாப்பத்தஞ்சு.

— அப்டின்னா?

— தொண்ணூறுல பாதி. நாலு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் போச்சு. அம்பது பர்சென்ட்டு போச்சு. அப்டியே புஸ்தகத்துல இருக்கற மாதிரி வருதுடா. ஒரு முடி தப்பல.

— நீ கணக்குல எப்பவும் பக்காதானே.

— எனக்கு இன்னா தோணுது தெரியுமா? இந்த ஒரே ஒரு தடவை என் கணக்கு தப்பாப் போவக்கூடாதான்னு தோணுது. கர்த்தாவே, எல்லார் முன்னாலயும் நான் முட்டாளாயிடறேன், என் எக்ஸைப் பொய்யாக்கிடுன்னு ஜெபம் பண்ணிட்டேன். இப்டி ஒரு ஜெபத்தை யாராவது பண்ணியிருப்பாங்களா?

— அப்பா எப்டி இருக்காரு?

— முழிச்சுகினு இருக்காரு. மணி இன்னா ஆச்சு, மணி இன்னா ஆச்சுன்னு நச்சரிச்சு எடுத்துட்டாரு. உன்னைத்தான் எதிர்பாக்கறாரு போல. அலாரம் கடிகாரத்தை எடுத்துக் கையிலயே குடுத்துட்டேன், பாத்துகினே இருங்கன்னு. நெஞ்சு மேல வெச்சுகினு பாத்துகினு இருக்காரு, சின்னப் புள்ளையாட்டம்.

— மரம் வெட்டியாச்சா?

— பாதிதானாம். ஆனா ஒரு வழி இருக்குது. சர்ச்சுல பண்டிகைக்கு ஓட்டற ஜெனரேட்டர் ஒண்ணு இருக்குது இல்ல? அது வந்துட்டா நம்ம மிஷினே ஓடும், சிலிண்டரே வேணாம். சிரில் அண்ணனுக்கு சாவி எங்க இருக்குதுன்னு கேட்டு வெச்சிருக்கேன். நான் போய் ரெண்டு ஆளைப் புடிச்சு இழுத்துகினு வரேன்.

— அப்பாவைத் தனியா விட்டுட்டா? பக்கத்து வீட்டு ஃப்ளோராக்காவைக் கூப்பிடேன்.

— அவங்க வீட்டுல தண்ணி பூந்துடுச்சு. புள்ளைங்களைத் தூக்கிகினு பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க. இந்த லைன்லயே நாங்க ரெண்டு பேருதான். இன்னாடா பண்றது? இங்க நின்னு முள்ளையே பாத்துகினு இருந்தா முள்ளு நின்னுடுமா? ஓடிப் போயிட்டு ஓடி வந்துடறேன்.

— பயமா இருக்குதுக்கா.

— எனக்கு இல்லையா? அப்பா! அப்பா, நான் சர்ச்சு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். குழாயைக் கழட்டக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, சரியா?

— போய்ட்டு வாம்மா. நான் எங்க... போயிடப் போறேன்.

— எரிக்கு! எரிக்கு, எடுடா, எடு எடு!

— அக்கா! நான் தண்ணிக்கு நடுவுல இருக்கேன். டிராக்டர் இழுக்குது. கால்கிட்ட தண்ணி வந்துடுச்சு. சிலிண்டரை முன் சீட்டுக்கு மாத்தி, கட்டிப் புடிச்சுகினு உக்காந்திருக்கேன். ஜெனரேட்டர் கிடைச்சுதா?

— இல்லடா. உள்ள தண்ணி போயிடுச்சு. இழுத்து இழுத்து கை தோலு உரிஞ்சுதான் மிச்சம், உறுமக்கூட இல்ல. அதைக் கட்டிகினு அழுதுட்டு ஓடி வந்தேன். வர வழியெல்லாம், நாலு மணிக்கு இன்னா பண்ணுவேன், நாலு மணிக்கு இன்னா பண்ணுவேன்னு அதே நினைப்பு. இப்பத்தான் ஜன்னலாண்ட வந்து நிக்கறேன். எரிக்கு, நாப்பத்தஞ்சுடா!

— இன்னா நாப்பத்தஞ்சு?

— முள்ளு! முள்ளு நாப்பத்தஞ்சுலயே நிக்குது! மணி ரெண்டரை. நான் போறப்பவும் நாப்பத்தஞ்சு, இப்பவும் நாப்பத்தஞ்சு! என் கணக்குப்படி முப்பத்தஞ்சு கிட்ட வந்திருக்கணும். வரல! என் கணக்கு தப்புடா! தப்பு! நான் முட்டாளுடா!

— ஸ்தோத்திரம்! அக்கா, நல்லா பாத்தியா? சும்மா ஆசைல பாக்காதே.

— ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு கண்ணாடியைத் தட்டியும் பாத்துட்டேன். ஆடல. அதே கோட்டுலதான்.

— அப்பா?

— தூங்கறாரு. சுவத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிகினு, போர்வையை இழுத்து மூடிகினு. இருமல்கூட இல்ல. காலைல இருந்து இப்பத்தான்டா நல்லா தூங்கறாரு. ஒரு கை மட்டும் தலைமாட்டுப் பக்கம் வெளிய கிடக்குது.

— கர்த்தர் கேட்டாரு பாரு, நம்ம ஜெபத்தைக் கேட்டாரு! ஐயோ அக்கா, எனக்கு அழுவை வருது. டிராக்டர்காரர் திரும்பித் திரும்பி பாக்கறாரு. உமேஷண்ணா, அப்பா ஓகே, அப்பா ஓகே! அக்கா, இப்ப சொல்லு, நான் கேக்கறேன் உன்னை. அந்தப் பாழாப்போன எக்ஸை வெச்சு போட்டு சொல்லு. இப்டியே போனா எவ்ளோ நேரம் தாங்கும்?

— இன்னைக்குத்தான்டா நீயா கணக்கு கேக்கற. அப்பா முழிச்சா சொல்லி சிரிக்கணும்.

— போடு போடு.

— சரி. அரை மணில எத்தினி பர்சென்ட்டு குறைஞ்சிருக்குதுன்னு கண்டுபுடிக்கணும். அதை எக்ஸ்னு வெச்சுக்கோ.

— வெச்சுகினேன்!

— இருந்தது நாப்பத்தஞ்சு. அதுல எக்ஸ் பர்சென்ட்டு போச்சு. மிச்சம் நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு மைனஸ், நாப்பத்தஞ்சுல எக்ஸ் பர்சென்ட்டு, சமம் நாப்பத்தஞ்சு. ரெண்டு பக்கமும் நாப்பத்தஞ்சை அடிச்சுட்டா...

— அடிச்சுட்டா?

— நாப்பத்தஞ்சுல எக்ஸ் பர்சென்ட்டு சமம்... பூஜ்யம். அப்ப எக்ஸும்...

— பூஜ்யமா? சூப்பர்க்கா! ஒண்ணுமே குறையல! இதுக்கு யாரும் பெஞ்சு மேல ஏத்த மாட்டாங்க. அக்கா? இன்னா, சத்தமே இல்ல? மழை நின்னுடுச்சா அங்க?

— நின்னுடுச்சு.

— அதான் இவ்ளோ அமைதியா கேக்குது.

— எரிக்கு.

— சொல்லு.

— பாட்டில் சத்தம் உனக்குக் கேக்குதா?

— எந்த பாட்டிலு?

— காத்து போறப்ப முட்டை விடுமே. குளுகுளுன்னு. காலைல நீ கேட்டியே, இன்னா சத்தம்னு.

— இல்லக்கா. ஒண்ணும் கேக்கல.

— அவ்ளோ காத்து அவரு மூக்குல போனா முள்ளு எப்டிடா அசையாம நிக்கும்? எக்ஸ் பூஜ்யம்னா குறையலன்னு அர்த்தம் இல்லடா. போகலன்னு அர்த்தம். அரை மணி நேரமா சிலிண்டரை விட்டு காத்தே வெளிய போகல. அப்பா! அப்பா!

— அக்கா! இன்னாக்கா சொல்ற? அக்கா, போனை ஜன்னல்லயே வெச்சுட்டியா? ஸ்பீக்கர்ல இருக்குதா? அக்கா!

— கையை எடுங்கப்பா! விடுங்க, வால்வை விடுங்க! எரிக்கு, வால்வை மூடி வெச்சிருக்காருடா! உதடெல்லாம் கறுத்துப் போச்சு! கண்ணைத் தொறங்கப்பா, என்னைப் பாருங்க! புடியைத் தளர்த்துங்க, நான் தொறக்கறேன்!

— உயிர் இருக்குதா? சொல்லுக்கா, உயிர் இருக்குதா?

— தொறக்காதம்மா... ஒரு மணி நேரம் குறையுதுன்னு... நீதானே சொன்னே... கடிகாரத்தைப் பாரு... அரை மணிதான் ஆச்சு... இன்னும் அரை மணி பாக்கி கீது.